கொட்டிலின் தரை தெரியும்வரை

அம்மாவுக்கு,

மலையிலிருந்து நீ அனுப்பிய வறட்டி லாரி வந்து சேர்ந்தது. பக்கத்து நாட்டுக்காரர்கள் காஸ் குழாயை மூடியதிலிருந்து ஓஷ் நகரமே பச்சைத் தண்ணீரில்தான் முகம் கழுவுகிறது. நான் மட்டும் ஜன்னல் வழியே புகைக்குழாய் விட்டு, வறட்டி அடுப்பு மூட்டி, பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டுகிறேன்.

எதிர்வீட்டு ஊல்கன் அக்காவை நினைவிருக்கிறதா? என் கல்யாணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மலைக்காரி வந்தா மாட்டுக்கொட்டிலும் கூடவே வருமா?" என்று கேட்டாளே, அவள்தான். பிசைந்த மாவோடு நேற்று என் வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வரட்டுமாடி? உன் அடுப்பு வாசனை ஆளை இழுக்குது."

"மூக்கு சரியாயிடுச்சா அக்கா?"

சிரித்துவிட்டாள். சுட்ட முதல் ரொட்டியை, அடுப்புக்காரிக்கென்று என் கையில்தான் வைத்தாள். இந்த மரியாதை உன்னால் வந்தது அம்மா.

கடைசி மூட்டையில் வெறும் தூளும் வைக்கோலும் இருந்தன. கொட்டிலின் தரை தெரியும்வரை கூட்டி அள்ளியிருக்கிறாய். "எனக்கு வேண்டியது இருக்கு" என்று டிரைவரிடம் வேறு சொன்னாயாம். அங்கே பனி விழத் தொடங்கியிருக்குமே.

அதே டிரைவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன்னை ஏற்றிக்கொள்ளாமல் திரும்பக் கூடாதென்று சொல்லியிருக்கிறேன். உன் அடுப்பு இங்கே எரிகிறது. நீ அங்கே என்ன செய்கிறாய்? ஏறி வா.

உன் மகள்