ஒரு கை பருப்பு

என் பாக்கியத்துக்கு, கோபம் வந்தால் ‘இந்தாளு’ என்றும் வராவிட்டால் ‘ஏங்க’ என்றும் நீ கூப்பிட்ட முத்து எழுதுவது.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. கோயில் மலரில் போட, மறைந்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பாட்டு எழுதித் தருகிறார்கள். ஏழாவதோடு நின்றவனுக்குப் பாட்டு எங்கே வரும்? கிடங்கில் சாக்கின் மேல் மையால் எழுதத்தான் வரும். அதனால் உனக்குச் சேதி சொல்கிற மாதிரி எழுதுகிறேன். மற்றவர்கள் காதில் விழட்டும். விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சேதி, நம் வள்ளி உண்டாகியிருக்கிறாள். ஏழு மாதம். ரங்கூன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், டாலாவில் அதே வீடுதான், கூரைக்கு மட்டும் தகரம் போட்டாயிற்று. மாப்பிள்ளை நம்மோடுதான் இருக்கிறான். நல்ல பையன். நான் சொல்கிற வேடிக்கைக்குச் சிரிப்பதில்லை, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வள்ளி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அப்பா, எம் புள்ளையும் என்ன மாதிரி மந்தமாத்தான் பொறக்குமா? மாமா மாதிரி?”

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. “ஒன்ன மாதிரி பொறந்தா நமக்கு லாபம்மா, எதுத்துப் பேசாது” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “நாலு வயசு வரைக்கும் நான் பேசவே இல்லியாம். நாலாப்புல ரெண்டு தடவ உக்காந்தேன். எனக்குத் தெரியும்ப்பா. அம்மா வீட்டு ரத்தம், மாமாவுக்கு இருந்தது எனக்கும் வந்திருக்கு. இப்ப இதுக்கும் வரும்” என்று வயிற்றைக் காட்டினாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அம்மா வீட்டு ரத்தம் என்று அவளுக்கு யார் சொன்னது? ஊர் சொன்னது. உன் தம்பி கொஞ்சம் மெதுவான ஆள், அதனால் ஊருக்குச் சொல்ல வசதியாக இருந்தது. ஊர் அப்படிச் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது யார்? நான்தான். நீ என் முகத்தைப் பார்ப்பாய். நான் மோட்டுவளையைப் பார்ப்பேன்.

நான் சுவரில் ஒட்டிய அந்தச் சீட்டு உனக்கு நினைவிருக்கும்.

வள்ளி பிறந்த எண்பத்தெட்டுக் கலவரத்தில் ரங்கூனில் கடை திறக்காத நாள் எத்தனை, படகு ஓடாத நாள் எத்தனை! ஊரடங்குக்கு முன்னால் நான் அக்கரையிலிருந்து வந்து சேருகிறேனா என்று வாசலில் நின்று நின்றே உன் கால் வீங்கியது. நொய்யரிசிக் கஞ்சியும் உப்பும்தான் மசக்கைச் சாப்பாடு. வருஷக் கடைசியில் வள்ளி பிறந்தாள். இளைத்திருந்தாலும் நல்ல சத்தமாக அழுதாள்.

பிள்ளை பிறந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? சொன்னதைக் கேட்பது. நான் ரொம்பக் கேட்டேன், அதுதான் வினை. இடது பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா வந்து பத்தியம் சொன்னார்: பருப்பு வாயு, கிழங்கு வாயு, கத்தரிக்காய் கரப்பான், முட்டை மாந்தம். பூண்டும் கருவாடும் தாராளமாகத் தரலாம். வலது பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா டோ சான், பிள்ளை பெற்றவள் அனல் காய நெருப்புச் சட்டியும் பூச மஞ்சளும் கொண்டுவந்து பர்மாக்காரர் பத்தியம் சொன்னார்: கருவாடு ஆகாது, பூண்டு வாடை ஆகாது, கீரை குளிர்ச்சி, புளிப்பைத் தொடவே கூடாது.

வேறு ஒருவனாக இருந்தால் ஒருத்தர் பேச்சைக் கேட்டு இன்னொருத்தர் பேச்சை விட்டிருப்பான். நான் இரண்டு பேருக்கும் நல்லவன். இரண்டு பட்டியலையும் ஒரே தாளில், கிடங்கில் சாக்குக்குப் போடுகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதி, சோற்றுப் பசை தடவி உன் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினேன். இவர் வேண்டாம் என்றது, அவர் வேண்டாம் என்றது எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் வெள்ளைச் சோறு, உப்பு, மிளகுத் தண்ணீர். மூன்று மாதம் உனக்கு அதைத்தான் போட்டேன். வந்தவர்களிடம் சீட்டைக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என் சட்டையை முகர்ந்து பார்த்தாய்.

“ஏங்க, பருப்பு வாசன வருது. ஒரு கை பருப்பு கொண்டாந்து வேகவச்சுக் குடுங்களேன்.”

நான் சுவரைக் காட்டினேன்.

நாள் முழுக்கத் துவரைக்கும் உளுந்துக்கும் நடுவில் நின்று, சாக்கு சாக்காக எண் போடுகிறவன் நான். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பிள்ளையோடும் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை. நான் அதையும் சோம்பல் என்று கேலி பண்ணினேன்.

மூன்றாம் மாதம் வள்ளியின் சத்தம் போயிற்று. வாயைத் திறந்து அழுகிறாள், முகம் சிவக்கிறது, ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சு இரைத்தது. பால் குடிக்கவில்லை. அப்போது நம் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்த பர்மாக்கார நர்ஸ் சயாமாவை ஓடிப் போய்க் கூட்டிவந்தேன். அவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், உன் காலை அழுத்திப் பார்த்தார். உடனே பிள்ளைக்கு ஊசி போட்டார். அப்புறம்தான் சுவரைப் பார்த்தார்.

“இது என்ன, முத்து? படிச்சுச் சொல்லு.”

தமிழில் எழுதியதைப் பர்மியில் வரிசையாகப் படித்தேன். கையெழுத்தைப் பாராட்டப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

“சரி, வேண்டாததெல்லாம் சொல்லிட்ட. அப்ப என்னதான் சாப்பிடறா?”

“சோறு, உப்பு, மிளகு.”

“மாட்டுக்குக்கூட வைக்கோலோட புண்ணாக்கு வைப்பாங்களேப்பா. தாய் ஒடம்புல பி ஒன் வைட்டமின் சத்து இல்ல, பால்லயும் இல்ல, பிள்ளைக்கு எங்கேருந்து வரும்? பருப்புல இருக்கு, பயறுல இருக்கு. நீ எங்க வேலை பாக்கற?”

“பருப்புக் கிடங்குல.”

அவர் தன் பையை மூடினார். அந்தப் பை மூடுகிற சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

சாயங்காலத்துக்குள் மூச்சிரைப்பு அடங்கிப் பிள்ளை பால் குடித்தது. சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். “இத யார்கிட்டயும் சொல்லாத பாக்கியம், சிரிப்பாங்க” என்றேன். நீ சாகும் வரைக்கும் சொல்லவில்லை. ஊர் உன் தம்பியைச் சொன்னபோதும் சொல்லவில்லை. ஏன் பாக்கியம்? என்னைக் காப்பாற்றவா, இல்லை என்னிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்றா?

இப்போதைய கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் வள்ளியை அக்கரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண்தான், பொறுமைசாலி. வள்ளியிடம், “நீ பொறந்தப்ப ஏதாவது சிக்கல் இருந்துச்சா?” என்று கேட்டார். வள்ளி இல்லை என்று தலையாட்டினாள்.

“இருந்துச்சு” என்றேன் நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊரடங்கு, நொய்க்கஞ்சி, சீட்டு, நீ கேட்ட ஒரு கை பருப்பு, போன சத்தம். பர்மியில் சொன்னதால் வாய் வந்தது. தமிழில் என்றால் பாதியில் நின்றிருப்பேன்.

டாக்டர் வள்ளியைப் பார்த்துத்தான் பேசினார். “வயித்துல இருக்கறப்பவும், பொறந்து ரெண்டு வருஷம் வரைக்கும் மூளை வேகவேகமா வளரும். அந்த நேரத்துல தாய்க்குச் சாப்பாடு இல்ல, ஓயாத பயம், மனசு சோந்து கெடக்குன்னா அது பிள்ளையையும் தொடும். பி ஒன் இல்லாம சத்தம் போன பிள்ளைங்கள்ல சிலருக்குப் பேச்சு பிந்தறதும் உண்டு. உனக்கு இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா ரத்தம், தலையெழுத்துன்னு ஒக்காந்துக்காத. நல்லாச் சாப்பிடு. பிள்ளை பொறந்ததும் தூக்கு, கொஞ்சு, வளவளன்னு பேசு. மூளை கேட்டுக் கேட்டுத்தான் வளரும்.”

திரும்பி வரும்போது படகு பாதி ஆறு வந்துவிட்டது. வள்ளி கேட்டாள்.

“அப்ப மாமா?”

“மாமா கதை எனக்குத் தெரியாதும்மா. ஒன் கதை தெரியும்.”

“இத்தன வருஷமா அம்மா வீட்டு ரத்தம்னு சொன்னாங்களே, அப்பல்லாம் நீங்க எங்கப்பா இருந்தீங்க?”

“பக்கத்துலதான் இருந்தேன்.”

வேடிக்கையாகச் சொல்லவில்லை, பாக்கியம்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். மாப்பிள்ளைகூட என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு வேடிக்கைக்குச் சிரித்தான். ஐந்தாம் நாள் காலையில் தூக்குச்சட்டியை நீட்டினாள்.

“வர்றப்ப ஒரு வீசை பருப்பு வாங்கியாங்க. பூச்சி இல்லாததா.”

சரி என்று படி இறங்கினேன். பின்னாலேயே வந்தாள்.

“அப்பா. எனக்குச் சத்தம் திரும்பி வந்துச்சே, அப்ப அம்மா என்ன செஞ்சாங்க?”

ஊசி போட்ட அன்றைக்கே சத்தம் வரவில்லை, சில நாள் கழித்துத்தான் வந்தது என்றேன். கரகரவென்று, தவளை மாதிரி ஒரு கத்தல்.

“அம்மா சிரிச்சா. மூணு மாசத்துல அதான் மொத தடவ. ஒன்னத் தூக்கி, ‘கத்துடி, இன்னுங் கத்து’ன்னா.”

வள்ளி “சரி, படகு போயிரும், போங்க” என்றாள்.

டோ சான் இப்போதே நெருப்புச் சட்டியைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். ராக்காயி அக்கா மகள் பத்தியச் சாமான் சொல்லிப் போனாள். வரட்டும், பிரியத்தில் வருகிறவர்கள்தானே. மஞ்சள் பூசட்டும். சோற்றுத் தட்டில் மட்டும் டாக்டர் பேச்சுத்தான். சுவரில் இந்த முறை ஒரு சீட்டும் ஏறாது. இந்த மலரைப் படிக்கிற அப்பன்மார்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: பிள்ளையைப் பார்க்கப் போகும்போது முதலில் தாயின் தட்டைப் பாருங்கள். கிடங்கிலிருந்து பருப்பு வரும், நான் கொண்டுவருவேன். பிள்ளையோடு நாள் முழுக்க வளவளவென்று பேச ஒரு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். என் படிப்புக்கு ஏற்ற வேலை கடைசியில் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் தம்பி பெயரை இனி யாராவது எடுத்தால் நான் மோட்டுவளையைப் பார்க்க மாட்டேன். வாயைத் திறப்பேன். சீட்டு எழுதியவன் நான்தான் என்பேன்.

நேற்று உன் படத்துக்கு முன்னால் ஒரு கை பருப்பு வைத்தேன். வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு. நானே செய்ததால் உப்பு கொஞ்சம் தூக்கல். இருபத்திரண்டு வருஷம் பிந்திவிட்டது, பாக்கியம். கோபித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், வள்ளியின் அப்பன்,
முத்து