என் சட்டையப் போட்டுக்கிட்டு நீ நிக்கிற படம்

ஏ புள்ள,

போன வாரம் பெரியவன் ஒன்னைய பெரம்பலூர்லேர்ந்து பஸ்ஸுல கொண்டாந்து எறக்குனான். பேப்பர் சுத்தி, சணல் கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால நிக்க வெச்சே கூட்டியாந்திருக்கான். உசுரோட இருந்தப்ப பஸ்ஸுல ஏறுனாலே ஒனக்கு வாந்தி. இந்தத் தடவை ஒன்னும் ஆவலையாம்.

பிரிச்சுப் பாத்தா, உள்ள யாரோ ஒரு பொம்பள. ஊதாக் கலர் பட்டுச் சேலை, கழுத்து நெறைய நகை, பின்னால அருவி கொட்டுது. மூஞ்சி மைதா மாவு கணக்கா இருக்கு.

"யார்றா இது?"ன்னேன்.

"அம்மாப்பா. ஆதார் படத்தக் குடுத்தேன், கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுத்தாங்க. வருச திதிக்கு நாலு பேரு வருவாங்கல்ல."

"நான் கட்டுனவ கருப்புடா. இவளக் கொண்டுபோயி இவ புருசங்கிட்ட வுட்டுட்டு வா."

அவனுக்குக் கோவம் வந்துடுச்சு. எந்திரிச்சு வெளிய போயிட்டான். நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். ஆனா அவன் போனப்பறம் தனியா அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு, அப்ப பயமா ஆயிடுச்சு. தெனம் இதையே பாத்தா, கடைசில இவதான நெனப்புல நிப்பா? ஒன் மூஞ்சி போயிடுமே?

அப்பதான் ஒன் அமெரிக்காக்காரி ஞாபகத்துக்கு வந்தா.

நம்ம பேத்தி காலேஜ் லீவுல வந்திருந்தாளே, அப்ப. நீ வாசல்ல சின்ன வெங்காயத்தக் கொட்டி, காஞ்ச தாளக் கத்தியால அரிஞ்சுக்கிட்டிருந்தே. அவ போனுல அமெரிக்காவோட பழைய படமா தள்ளித் தள்ளிக் காமிச்சா. அங்க ஒரு பெரிய லைப்ரரில வெச்சிருக்காங்களாம், யாரு வேணாலும் பாக்கலாமாம். எல்லாம் கருப்பு வெள்ளை. அமெரிக்கான்னா மாடி மாடியா கட்டடம், கோட்டு போட்ட தொரைங்கன்னு நான் நெனச்சிருந்தேன். பாத்தா கிழிஞ்ச சட்டை, வெறுங்காலு, பருத்திக்காடு.

வெங்காயக் கையோட போனப் புடுங்கிட்டே நீ. ஒரு பொம்பள, பின்னால நீட்டமா ஒரு பைய வாலு மாதிரி இழுத்துக்கிட்டு பருத்தி எடுக்குறா.

"மடி கட்டத் தெரியல இவளுக்கு"ன்னே. கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "இல்லய்யா, சாமர்த்தியக்காரி. மடில கட்டுனா இடுப்பு போயிடும். மண்ணுல இழுத்தா அம்புட்டு பாரம் தெரியாது"ன்னே.

அடுத்த படத்துல எடை போடுறாங்க. தொப்பிக்காரன் ஒருத்தன் தராசுகிட்ட நிக்கிறான், பக்கத்துல ஒரு பொம்பள. "இவ கண்ணப் பாரு. படம் புடிக்கிறவன் எதுக்க நிக்கிறான், இவ தராசு முள்ளத் தவுர வேற எதையும் பாக்கல. எங்கூட வேலைக்கு வந்திருப்பா போல"ன்னே.

இன்னொன்னுல ஒருத்தன் கடை வாசல்ல பொட்டி மேல ஏறி நின்னு பேசுறான், கீழ கூட்டம். "ஓட்டு கேக்க வந்திருக்கான்"ன்னே. எப்புடித் தெரியும்னு பேத்தி கேட்டா. "எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாரு. ஒருத்தனும் நம்பல." அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

இதெல்லாம் யாரு எடுத்ததுன்னு கேட்டே. "அந்த நாட்டு கவருமெண்டே ஆள் அனுப்பி எடுத்துச்சாம் அப்பாயி. ஜனங்க எப்புடிப் பொழைக்கிறாங்கன்னு எல்லாருக்கும் காட்டுறதுக்கு"ன்னா.

நீ கத்தியக் கீழ வெச்சுட்டே. "நம்மள யாராச்சும் வேலையில இருக்கறப்ப எடுத்திருக்காங்களாய்யா? கல்யாணத்துக்கு ஒன்னு, கார்டுக்கு ஒன்னு. ரெண்டுலயும் நான் முழிக்கிறதுதான் இருக்கு."

"ஒன்ன எடுத்தா கேமரா வெடிச்சிடும்"னேன். வெங்காயத்தால அடிச்சே. அடிச்சுட்டு, "நான் போயிட்டா நகைய மாட்டி உக்கார வெச்சிடாதீங்க. இந்தப் பொம்பள மாதிரி, வேலையில நிக்கிற மாதிரி வெய்யிங்க"ன்னே. அதுக்கும் நான் ஏதோ நக்கலாத்தான் பதில் சொன்னேன். என்னா சொன்னேன்னு இப்ப ஞாபகம் வரல.

போன வாரம் பட்டுச் சேலைக்காரி எதுக்க உக்காந்து இதெல்லாம் யோசிக்கிறப்ப சட்டுன்னு தோணுச்சு. நம்ம கவருமெண்டும் ஒன்னைய எடுத்திருக்கே! நூறு நாள் வேலைக்கு ரெண்டு பேரும் போவோம்ல, அங்க காலைலயும் மத்தியானமும் வரிசையா நிக்க வெச்சு போனுல புடிப்பாங்களே, ஆளு வந்திருக்கா இல்லையான்னு.

செருப்ப மாட்டிக்கிட்டு கீழத்தெரு செல்வி வூட்டுக்குப் போனேன். அதான், அங்க நம்மள வரிசையில நிக்க வெச்சு படம் புடிக்கிற பொண்ணு. விசயத்தச் சொன்னேன். "அது நேரா ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயிடும் தாத்தா, எங்கிட்ட நிக்காது"ன்னா. அப்புடியே படியில உக்காந்துட்டேன்.

அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துட்டு, "இருங்க, ஏரியில டவரு கெடைக்காதப்ப என் போனுலயே தனியா எடுத்து வெப்பேன். அழிச்சேனா என்னான்னு தெரியல"ன்னு தேட ஆரம்பிச்சா. கோலம், கொழந்த, ஆட்டுக்குட்டி, மாரியம்மன் தேருன்னு தள்ளிக்கிட்டே போறா. நான் அவ வெரலையே பாத்துக்கிட்டிருந்தேன், அந்த அமெரிக்காப் பொம்பள தராசு முள்ளப் பாத்த மாதிரி.

இருந்துச்சு புள்ள.

ஏரிக்கரை. பின்னால தூரத்துல ரஞ்சன்குடிக் கோட்டை. எல்லாரும் சாமி செல மாதிரி அசையாம நிக்கிறாங்க. நீ மட்டும் கைல மண்ணு சட்டியோட தலையத் திருப்பி, வாயத் தொறந்து என்னையத் திட்டுற. தலையில துண்டு. சேலைக்கு மேல என் பழைய கட்டம்போட்ட சட்டை. படத்தோட ஓரத்துல என் மூக்கு மட்டும் தெரியுது. அன்னிக்கு நான் சொன்னது மறக்கல. "ஏ புள்ள, அமெரிக்காவுலேர்ந்து கேமரா வந்திருக்கு, கொஞ்சம் சிரி"ன்னேன். "வாய மூடுய்யா, ஆப்சென்ட் போட்டுறப் போறாங்க"ன்னே. திட்டுறப்பவே ஒனக்கு சிரிப்பு வந்துடும்ல, அது அப்புடியே வுழுந்திருக்கு.

பெரியவன்கிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தான். "மாட்ட முடியாதுப்பா. அழுக்குச் சட்டையோட... அம்மாவக் கடைசி வரைக்கும் மண்ணு சொமக்க வுட்டானேன்னு என்னையத்தான் ஊரு பேசும்"ன்னான். அவன் பேச்சுலயும் ஞாயம் இருக்கு. வேலைக்குப் போவாதம்மான்னு ஒங்கிட்ட மல்லுக்கட்டுனவன் அவன்தான. நீதான் கேக்கல.

சரிடான்னுட்டேன். நான் சரின்னா என்னா அர்த்தம்னு ஒனக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் தெரியல. செல்விகிட்ட சொல்லி பெருசா பிரிண்ட் போட்டு வாங்கிட்டேன். திதியன்னிக்கு எல்லாரும் கொளத்துக்குப் போயிருந்தப்ப, சட்டத்தோட பின்பக்க ஆணியக் கழட்டி, ஒன்னைய முன்னால வெச்சு மூடிட்டேன். பட்டுச் சேலைக்காரி ஒனக்குப் பின்னாலதான் இருக்கா. சண்டை போடாம இருங்க.

படையல் போடுறப்ப பெரியவன் மாலையோட வந்து நின்னான். படத்தப் பாத்தான். என்னையப் பாத்தான். நான் விட்டத்தப் பாத்தேன். அதுக்குள்ள ஒங்கூட வேலை பாத்த பொம்பளைங்கள்லாம் உள்ள வந்துட்டாங்க. ஒன் தங்கச்சி கிட்டப் போயி, "ஏக்கா, யாரத் திட்டுற? மாமாவையா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டிருக்கறப்பவே அவ அழுதுட்டா.

பெரியவன் கிட்டப் போனான். நெத்தியில பொட்டு வெச்சான், மாலையப் போட்டான். பின்னால வந்து நின்னு பாத்தான். மாலை சட்டைய மறைச்சிருந்துச்சு. மறுபடி கிட்டப் போயி, ரெண்டு பக்கமும் வெலக்கி, சட்டை நல்லாத் தெரியுற மாதிரி ஒதுக்கி வுட்டான்.

ஒனக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியத்துலதான் இதெல்லாம் எழுதுறேன். அங்க யாராச்சும் படிச்சுக் காட்டுனா, தப்பு கண்டுபுடிக்காத.

அந்தச் சட்டையத்தான் இப்ப போட்டுக்கிட்டிருக்கேன். எங்கிட்டேர்ந்து நீ புடுங்குனது, எனக்கே திரும்பி வந்துடுச்சு. பட்டன் போன எடத்துல நீ குத்துன ஊக்கு அப்புடியே இருக்கு. பட்டன் தெச்சுத் தரேன்னு மருமவ கேட்டுச்சு, வேணாம்னுட்டேன். செருப்பு மாட்டக் குனியறப்ப நெஞ்சுல சுருக்குன்னு குத்தும். ஒடனே, "என்னா புள்ள?"ங்கறேன்.