காலை ஐந்து மணிக்கு அப்பா

விஸ்கான்சின்,
மார்ச் 12, வியாழன்

அன்புள்ள ஜானெல் அக்காவுக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஒன்பது மணிக்கு அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக இருந்தது. அதை ரத்து செய்தாகிவிட்டது. காரணம் நான்தான். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

சர்க்கரையால் பாதம் கறுத்துவிட்டது. எடுக்காவிட்டால் சில வாரங்கள்தான் என்றார் டாக்டர் ஹோஸ்கின்ஸ். அப்பா வேண்டாம் என்றார். செவ்வாய் மாலை நாலரைக்கு, முடிவெடுக்கும் தெளிவு அவருக்கு இருக்கிறதா என்று டாக்டர் பரிசோதித்தார். அப்பா கிழமையைத் தப்பாகச் சொன்னார். அது பெரிதில்லை, என்ன நோய், எடுத்தால் என்ன, விட்டால் என்ன என்று புரிந்து சொல்கிறாரா என்பதுதான் முக்கியமாம். ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு, "வைக்கோல் நனைஞ்சிடும்" என்றார். தெளிவில்லை என்று எழுதிவிட்டார்கள். தன்னால் முடியாதபோது சிகிச்சை முடிவை நான் எடுக்கலாம் என்று முன்பு அப்பா என் பெயரில் எழுதிவைத்த பத்திரம் செல்லுபடியானது. காலை எடுக்கச் சம்மதித்து நான் கையெழுத்துப் போட்டேன்.

நர்ஸ் லோர்னா மட்டும், "எந்த நேரத்துல நல்லாப் பேசுவாரு?" என்று கேட்டார். "எப்பவும் ஒரே மாதிரிதான்" என்றேன்.

அது பொய். ஐம்பது வருடம் விடியுமுன் எழுந்து பால் கறந்த மனிதர். மதியத்துக்கு மேல் நம் வீட்டில் யார் அவரிடம் எதைக் கேட்டோம்? உன் கல்லூரியும் சரி, என் முதல் டிரக்கும் சரி, விடியற்காலைக் கொட்டிலில் கேட்டு வாங்கியதுதானே? கறவை இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவன் நான். நேரம் கெட்ட நேரத்தில் எடுத்த அளவை எந்தப் பண்ணையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை ஒப்புக்கொண்டேன். எனக்கு வேண்டிய அளவு வந்துவிட்டதே.

இன்று ஐந்து மணிக்குப் போனேன். விழித்திருந்தார். "கையெழுத்துப் போட்டியாமே?" என்றார். ஆமாம், நீங்கள் பிழைக்க வேண்டும் என்றேன். "பசுகிட்ட கேக்க முடியாது. அதுக்கே எவ்வளவு நேரம் பக்கத்துல நின்னிருக்கேன். எனக்கு வாய் இருக்குதேடா, மடையா. என்கிட்ட கேக்கலாம்ல?"

வெளியே போய் லோர்னாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, உடனே போனை எடுத்தார். ஆறு மணிக்குள் ஹோஸ்கின்ஸ் தலைகூடச் சீவாமல் வந்து நின்றார். அப்பா அவருக்கே பாடம் நடத்தினார். "வெட்டினா பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம். மாசக்கணக்குல வேற எடத்துல கெடக்கணும். வெட்டலேன்னா விஷம் ரத்தத்துல ஏறும், செத்துருவேன். வலிக்கு மருந்து குடுப்பீங்க. சரிதானே? நான் என் வீட்டுல சாகறேன்." மனம் மாறினால் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார். "சொல்றேன். ஆனா காலைல வந்து கேளுங்க, தம்பி."

ஹோஸ்கின்ஸ் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. என் கையெழுத்தை அடித்துவிட்டு, தெளிவு இருக்கிறது என்று எழுதினார். நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே.

சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவருகிறேன். கட்டில் சமையலறையில், கொட்டில் தெரிகிற ஜன்னல் பக்கம். வலியைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் தினமும் வருவார்.

"வயசானவருக்கு என்ன தெரியும், நீயே கையெழுத்துப் போட்டுடு" என்று நீதான் போனில் சொன்னாய். உன்மேல் பழி போடவில்லை. கை என்னுடையது.

விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிடு, அக்கா. மதியம் இறங்கினால் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. அவரிடம் கேட்க வேண்டியது எதுவானாலும், சொல்ல வேண்டியது எதுவானாலும், காலை ஐந்துக்கு எழுந்திரு. நானும் எழுந்திருப்பேன். காலைகள் நிறைய இல்லை.

உன் தம்பி,
டெரெக் டோலெஃப்சன்