நூற்றறுபத்தெட்டு உருண்டை

கண்டிச் சீமை, மலை முகாம்
12 ஜனவரி 1931

என் பிரியமுள்ள நேசபாய்க்கு,

நான் சுகம். சிரிப்பதானால் இதை முழுவதும் படித்துவிட்டுச் சிரி. நான் சமைத்துப் போடும் துரை சந்திரனுக்குப் போகப் போகிறார். நம் கோவில் கோபுர உயரத்துக்கு ஒரு வான்கப்பல் இங்கே மலையுச்சியில் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் நானே ஏறி இறங்கினேன். இரண்டு பேர் உட்காரலாம். போக, தங்க, திரும்ப இருபத்தெட்டு நாள் ஆகுமாம்.

சிக்கல் சாப்பாட்டில்தான். அங்கே அடுப்பு மூட்ட முடியாது, கனமும் கூடாது. டின் இறைச்சியை நிறுத்தால் டின்னே பாதிக் கனம். "எங்கள் ஊரில் பனையேறப் போகிறவர்கள் மடியில் பொரிவிளங்காய் உருண்டை கட்டிக்கொண்டு போவார்கள், ஒன்று தின்றால் ஒரு வேளை போகும்" என்று வாயை விட்டுவிட்டேன். செய்து காட்டச் சொன்னார். இங்குள்ள சர்க்கரையில் செய்தது பத்தே நாளில் பூசணம் பூத்துவிட்டது. நம் கருங்கல் ஊர்க் கருப்பட்டியும் உன் கைப்பாகமும்தான் வேண்டும்.

ஒரு உருண்டைக்கு உன் கையால் மூன்று பிடி தானியம்: இரண்டு பிடி அரிசி, ஒரு பிடி சிறுபயறு. வறுத்து, இடித்து, சுக்குப் போட்டுக் கருப்பட்டிப் பாகில் உருட்டு. தேங்காய் வேண்டாம், கெட்டுவிடும். முதலில் மாதிரிக்கு ஆறு அனுப்பு.

உன்
ரசலையன்


கருங்கல்
26 ஜனவரி 1931

அன்பான அத்தானுக்கு,

இங்கே நானும் சிவலைப் பசுவும் சுகம். உங்கள் புத்தி சுகமாயிருக்கிறதா என்று உடனே எழுதவும்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது. சந்திரனில் யாருக்கு என்ன வேலை? துரைக்குச் சித்தப்பிரமை என்றால் நீங்கள் ஏன் அங்கே இருக்கிறீர்கள்? அவர் சொல்வது நிஜம் என்றால் இன்னும் அதிகமாகக் கேட்கிறேன், ஏன் இருக்கிறீர்கள்?

ரேந்தை லேஸ் பின்னுகிற இடத்தில் ஜெபகனி அக்காளிடம் மட்டும் சொன்னேன். "ஏட்டி நேசம், அந்த வெள்ளக்காரன் நிலாவுக்கா போறான்? அங்க அவனுக்க அம்மைக்க வீடா இருக்கு?" என்றாள். பின்னல் ஊசி விழுகிற அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நம் அடுப்படிக்குக் கூரை வேய்வதால் ஆறு உருண்டையையும் ஜெபகனி அக்காள் வீட்டில் வைத்துச் செய்தேன். துரைக்குப் பல் கெட்டியா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

அத்தான், அந்த இரண்டாவது இடம் யாருக்கு? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

உங்கள்
நேசபாய்


மலை முகாம்
16 பெப்ருவரி 1931

பிரியமுள்ள நேசபாய்க்கு,

உன் உருண்டையைக் கடித்துத் துரைக்குக் கடைவாய்ப்பல் ஆடிவிட்டது. பிறகு வெந்நீரில் ஊறப்போட்டுத் தின்றார். காலையில் தின்றவர் மாலைவரை பசிக்கவில்லை என்றார். நிறுத்தும் பார்த்தார், ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல் ஆறு அவுன்ஸ். "உன் பெண்சாதி பெரிய சாஸ்திரி" என்று என் முதுகில் தட்டினார்.

இனி முழுக் கணக்கு. ஒருவருக்கு நாளைக்கு மூன்று. இரண்டு பேருக்கு இருபத்தெட்டு நாளைக்கு நூற்றறுபத்தெட்டு. மார்ச் மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். ஏப்ரல் இரண்டில் புறப்பாடு, அந்த நாளை விட முடியாதாம்.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டாவது இடம் எனக்கு. இந்தச் சாப்பாட்டை அறிந்தவன்தான் கூட வரவேண்டும் என்கிறார். பிறந்ததிலிருந்து அடுப்பு ஊதியவனை ஒருவர் 'வா' என்று கூப்பிடுகிறார், நேசம். ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. போவது நானா வேறு யாராவதா என்றே சில நேரம் குழம்பிப்போகிறது. யாரிடமும் சொல்லாதே.

உன்
ரசலையன்


கருங்கல்
14 மார்ச் 1931

அத்தானுக்கு,

நூற்றறுபத்தெட்டையும் எண்ணிப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டேன். கூரை வேய்ந்தாயிற்று, அதனால் நம் அடுப்பிலேயே செய்தேன். ஐந்து நாள் ஆனது. கை காய்த்துவிட்டது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போங்கள் என்று எழுதக் கை வரவில்லை. போகாதீர்கள் என்றால் காலமெல்லாம் என்னைச் சொல்லிக் காட்டுவீர்கள்.

வேறு விசேஷம் இல்லை. இந்த மாதம் கோவிலுக்குக் கொடுக்கும் பிடி அரிசிப் பானை நிரம்பி வழிந்து, இரண்டாம் பானை வைத்தேன். நம் கோவில் உபதேசியார் ஞானதாசன் பார்த்துவிட்டு, "இதென்ன மக்கா, ஒத்த ஆளு பொங்குற வீட்டுல இம்புட்டு அரிசியா?" என்று ஆச்சரியப்பட்டு மெச்சினார்.

உங்கள்
நேசபாய்


மலை முகாம்
6 ஏப்ரல் 1931

நேசபாய்க்கு,

பெட்டி வந்தது, புறப்பாட்டுக்கு மூன்றே நாள் இருக்கும்போது. எண்ணிக்கை சரி. துரை ஒன்றைத் தராசில் வைத்தார். நாலு அவுன்ஸ். இன்னொன்றும் நாலு. நூற்றறுபத்தெட்டும் அப்படியே. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது எப்படி? கருப்பட்டி கிடைக்காத ஊரில் மூன்று நாளில் நான் என்ன செய்வேன்?

இரண்டு பேருக்கு எட்டாது என்று துரை இருந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு தனியே போய்விட்டார். போகுமுன் கைகொடுத்தார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மலை அதிர்ந்தது, கப்பல் மேலே போனது, நான் கரண்டியோடு நின்றேன்.

வழியில் யாராவது சுரண்டினார்களா? அளவு மறந்தாயா? அல்லது வேண்டுமென்றே செய்தாயா? யோசித்து யோசித்து மண்டை குழம்புகிறது. உண்மையை எழுது.

ரசலையன்


கருங்கல்
18 ஏப்ரல் 1931

அன்பான அத்தானுக்கு,

யாரும் சுரண்டவில்லை. அளவும் மறக்கவில்லை.

கலியாணமாகி வந்த நாள்முதல் ஒரு வேளைக்கு அரிசி அளந்தால் அதில் ஒரு பிடி ஆண்டவருக்கு என்று பானையில் போடாமல் நான் உலை வைத்ததில்லை. ஒரு உருண்டை ஒரு வேளைச் சாப்பாடு என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? முதல் உருண்டைக்கு அளந்ததும் கை தானாகப் பானைக்குப் போய்விட்டது. மாதிரி ஆறும் ஜெபகனி அக்காள் வீட்டில் செய்தவை, அங்கே என் பானை இல்லை.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். பத்தாவது உருண்டையைக் கையில் உருட்டும்போதே சிறிதாக இருப்பது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நிறுத்தவில்லை. இரண்டு பேருக்குக் காணாது என்று கணக்குப் போட்டேனா என்று கேட்டால், போடவில்லை. ஆனால் ஒவ்வொரு பிடி பானையில் விழும்போதும் மனசு லேசானது. ஆண்டவருக்குக் கொடுத்தேனா, உங்களைப் பிடித்து வைத்தேனா, எனக்கே விளங்கவில்லை. உபதேசியார் புகழ்ந்தபோது ஓடி ஒளியலாம்போல இருந்தது.

கோபமிருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
நேசபாய்


மலை முகாம்
2 மே 1931

நேசம்,

துரை போய் இன்று முப்பத்தோராம் நாள். இன்னும் வரவில்லை.

முகாமில் மற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவருக்கு எட்டாதது ஒருவருக்கு மிஞ்சும் அல்லவா? நீ அனுப்பியது அவருக்கு முப்பத்தேழு நாளைக்குக் காணும். அதனால் இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் இருக்கிறேன்.

கூட நான் போயிருந்தால் அவர் திரும்பி வந்திருப்பாரோ? அல்லது என் கதையும் அங்கேயே முடிந்திருக்குமோ? உன் கடிதத்தை மடியிலேயே வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் எடுத்துப் படிக்கிறேன். படித்தால் கோபம் போய்விடுகிறது, வேறு எதுவோ வருகிறது. அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

ஆறு நாளும் வெந்நீர் போட்டு வைப்பேன். அவர் வந்தால் இருவருமாக ஊருக்கு வருகிறோம். வராவிட்டால் நான் மட்டும் கப்பலேறி வருவேன். அப்போது என்னிடம் ஒன்றும் கேட்காதே, நானும் உன்னிடம் கேட்கமாட்டேன். சுடச்சுடச் சோறு போடு. உருண்டை மட்டும் வேண்டாம்.

உன்
ரசலையன்