மெஷினில் ஒட்டியிருந்த சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

உன் அறைத்தோழி உன் தையல் மெஷினைப் பத்து நாளுக்குக் கேட்கிறாள், கொடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. போன வாரம் கேட்டிருந்தால் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இந்த வாரம் முடியவில்லை, ஏன் என்று சொல்லத்தான் போனை விட்டுவிட்டுக் காகிதம் எடுத்தேன். போனில் என்றால் பாதியில் அப்பா வாங்கிக்கொண்டு அங்கே மழையா என்று ஆரம்பித்துவிடுவார். நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், ஆகவே சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, கண் டாக்டரிடம் போனாயா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகவே பதில் எழுது. அப்பாவின் முழங்கால் தேவலை. படி ஏறினால்தான் வலி என்கிறார், ஆனால் கடைக்குப் போகச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே வலிக்கிறது. என் அலுவலகத்தில் புதிதாக ஒன்றுமில்லை, இன்னும் அதே ஜன்னல் ஓர மேஜை, அதே உடைந்த நாற்காலி.

மெஷினையும் பெரிய கத்தரிக்கோலையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது என் சட்டம், உனக்குத் தெரியும். சட்டம் வந்த கதை தெரியாது. மெஷின் வாங்கி இருபது வருடம் ஆகிறது. மேல்நூலை இறுக்கவும் தளர்த்தவும் முன்பக்கம் ஒரு திருகு இருக்கிறதே, எண் போட்டது, அதில் என் மெஷினுக்கு இரண்டுதான் ஒத்துவரும். நானே ஒவ்வொரு எண்ணாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. ‘இரண்டைத் தாண்டாதே’ என்று சீட்டு எழுதித் திருகுக்கு மேலேயே ஒட்டினேன். எதிர்வீட்டு டீச்சர் ஒருமுறை வாங்கிப்போய் நாலில் வைத்துத் திருப்பித் தந்தார், ஒரு மாதம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, ஒன்பது வருடத்துக்கு முன்னால், உன் சித்தி கேட்டாள். கூடப் பிறந்தவள், அதுவும் முறையாகத் தையல் படித்தவள் என்று கொடுத்தேன். சொன்ன நாளில், துடைத்து, துண்டில் சுற்றி, புது ஊசி ஒரு பாக்கெட்டும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தாள். திருகு நாலில் இருந்தது, என் சீட்டுக்கு நேர் கீழே. நான் அதைக் கவனிக்காமல் உன் நீல உடையின் விளிம்பை ஓட்டினேன். துணி சுருங்கி இழுத்துக்கொண்டது, பிரிக்கப் போனால் கிழிந்தது, நீ அழுதது நினைவிருக்கும். அந்த நேரம் பார்த்து அவள் போன் செய்தாள். உன் கை பட்ட எதுவும் உருப்படாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவளுடைய தையல் கடையை மூடி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, அப்பாவிடமும்தான். அவள் உறவை முறித்துக்கொள்ளவில்லை. வருகிறாள், சிரிக்கிறாள், உனக்குப் பரிசு வாங்குகிறாள். ஆனால் அன்றிலிருந்து நம் வீட்டில் எதையும் கேட்காமல் தொடுவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட டம்ளர் எடுத்துக்கட்டுமாக்கா என்பாள். நல்ல மரியாதை தெரிந்த பெண் என்று அப்பா பாராட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். புதிதாகத் திறக்கப்போகும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கு மட்டும் திரைகள் தைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், சனிக்கிழமைக்குள். பிடித்துப்போனால் மூன்று மாடியும் அவளுக்கே. மறுபடி சொந்தமாக ஒரு கடை போட இதைவிட நல்ல வழி வராது. துணி வெட்டி முடித்த அன்று அவள் மெஷினின் மோட்டார் புகைந்துவிட்டது, மாற்று மோட்டார் வர இரண்டு வாரமாகுமாம். அக்காகிட்ட கேக்க வேணாம் அத்தான், சும்மா மனசு கேக்காம சொன்னேன் என்றாளாம். கேட்க வேண்டாம் என்று சொன்னதைத்தான் அப்பா முதலில் வந்து என்னிடம் சொன்னார். நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொடுப்பதானால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு கொடுப்பது என்று முடிவுக்கு வந்தேன். அலுவலகத்தில் ஊரார் தராசையெல்லாம் சோதித்துச் சான்று எழுதுகிறவள், வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேனா. எண்ணெய் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று மெக்கானிக்கை வரவழைத்தேன்.

இன்று காலை வந்தார். தகட்டை நீக்கி, கீழ்நூல் சுற்றிய பாபினை எடுத்துப் பார்த்தார். சீட்டைப் படித்தார். மறுபடி பாபினைப் பார்த்தார். “யாரும்மா தைக்கிறது இதுல?” என்றார். நான்தான் என்றேன். “பாபினைத் திருப்பிப் போட்டிருக்கீங்களே. எத்தனை நாளா?” கொஞ்ச நாளாக என்று சொன்னேன். வேறென்ன சொல்வது. அப்படிப் போட்டால் கீழ்நூலுக்குப் பிடி இருக்காதாம், அதற்கு ஈடாக மேல்நூலையும் தளர்த்தினால்தான் தையல் பார்வைக்குச் சமமாகத் தெரியுமாம். நான் கண்டுபிடித்த இரண்டு அதுதான். பாபினைச் சரியாகப் போடுகிற எவரும் நாலில்தான் வைப்பார்கள், டீச்சரும் சித்தியும் வைத்தது போல. திரும்பி வந்ததும் நான் என் வழக்கப்படி பாபினைப் போட்டுக்கொண்டு, மெஷினைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நம் தலையணை உறைகள் ஏன் ஆறு மாதத்தில் ஓரம் விட்டன, நீ ஏன் ஊக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய் என்பதும் இப்போது புரிகிறது. நான் நூல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்து, என் வழியில் ஒன்று, அவர் வழியில் ஒன்று தைத்து, எது எது என்று பேனாவால் எழுதிக்கொண்டேன். அப்பாவிடம் காட்டினால் ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வம்பு என்றார். இழுத்துப் பார்த்தேன். என்னுடையது பல்லைக் காட்டியது. சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன், பாபினும் திருகும் மெக்கானிக் வைத்தபடி இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. தையல் படித்தவள் தகட்டைத் திறந்ததும் இதைப் பார்த்திருக்க மாட்டாளா? பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை? ஒன்பது வருடம் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருப்பாளா? ஊகித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் மத்தியானத்திலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நாளை அவளை வரச் சொல்லியிருக்கிறேன். மெஷினைக் கொடுப்பேன், அதில் சந்தேகமில்லை. விஷயத்தைச் சொல்வேனா என்பதுதான் தெரியவில்லை. சொல்லாமலே கொடுக்கலாம், மெஷின் நன்றாக ஓடும், அவளுக்கு வேலை கிடைக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. சொன்னால் அன்றைய வார்த்தையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அது எவ்வளவு சுலபம் என்று உனக்கே தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தை. இருக்கிற இடத்தில் உனக்கு நல்ல மனிதர்களும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும். உன் தோழிக்குக் கொடுப்பதோ மறுப்பதோ உன் இஷ்டம், அதற்கு முன்னால் உன் பாபின் எந்தப் பக்கமாக இருக்கிறது என்று மறக்காமல் பார். உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா

மறுநாள். உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. சித்தி பத்து மணிக்கு வந்தாள். மூடியைத் திறக்கட்டுமாக்கா என்று கேட்டுக்கொண்டுதான் திறந்தாள். சீட்டு இருந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு தகட்டை நீக்கி, பாபினை எடுத்து, என் பழைய வழக்கப்படி திருப்பிப் போட்டு, திருகை இரண்டுக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “உன் மெஷின்ல இப்படித்தானேக்கா இருக்கும், யாரோ மாத்தி வச்சிருக்காங்க. இந்தத் தடவை உன் பழக்கத்துலயே தைச்சுக் குடுத்துடறேன். தையல் விடாம இருக்க ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை ஓட்டிக்கிறேன்” என்றாள். அத்தனை திரையையும் இரண்டு தடவை. இத்தனை வருடமாக நான்தான் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். நிமிராமல், “தெரியும்” என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொல்லத்தான் அன்னிக்கு போன் பண்ணேன். நீ முந்திக்கிட்டே.”

என் தப்புதான் என்றேன். “பாபினா?” என்றாள். அதுவும் என்றேன். பாபினை மறுபடி திருப்பினாள், திருகை நாலில் வைத்தாள், ஒரு துண்டுத் துணியை ஓட்டி இழுத்துப் பார்த்துவிட்டு மூடியைப் போட்டாள். அப்பா முழங்காலை மறந்து மெஷினைக் கீழே தூக்கிக்கொண்டு போனார். அவளும் பின்னாலேயே வாசல் வரை போனாள். திரும்பி வந்து, அலமாரியைத் திறந்து என் பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கேட்கவில்லை.