மல்லாந்து படுத்த மகாராணி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை எழுது. மூன்று வரிக்கு மேல் எழுதினால் கப்பல் ஒன்றும் மூழ்கிவிடாது.

போன தீபாவளிக்கு நீ ஆள் மூலம் கொடுத்தனுப்பிய டரான்டுலா சிலந்தி சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் மகாராணி இரண்டு வாரமாகச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள். வெட்டுக்கிளி போட்டேன். அது அவள் முதுகிலேயே ஏறி நடந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினால், பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து முடியை உதிர்க்கிறாள். அது பட்டு ஒரு நாள் பூராவும் கை அரித்து, ஒரு சட்டைக்குக்கூடப் பொத்தான் காஜா எடுக்க முடியவில்லை. தேய்த்த இடம் வழுக்கையாகி இப்போது கறுத்துக்கொண்டு வருகிறது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். உன் மாமாவோ, "உன் தம்பி மாதிரியேதான் இருக்கு. கூப்பிட்டா பேசாது, கிட்டப் போனா கோவிச்சுக்கும்" என்கிறார்.

என்ன செய்யட்டும்? உடனே எழுது.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சில சமயம் சாப்பிடாதாம், விற்றவர் சொன்னார். தண்ணீர் மட்டும் வை. எனக்கும் அவள்தான் முதல் சிலந்தி, அதற்கு மேல் தெரியாது.

விவாகரத்துக்குப் பிறகு நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே உயிர் அவள். அவள் இருப்பதால்தான் இந்த லீவுக்கு வீட்டுக்கு வரலாமென்று ஒரு நினைப்பு. இல்லையென்றால் போன நாலு வருஷம் போல அடுத்த பயணத்துக்கே பெயர் கொடுத்துவிடுவேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. மகாராணி போய்விட்டாள்.

நேற்று முழுக்கத் தரையில் வெள்ளையாக நூல் பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்கிறாள் என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டேன். இன்று காலை பார்த்தால் அதன்மேல் மல்லாந்து கிடக்கிறாள், எட்டுக் காலும் மேலே. பெட்டியின் கண்ணாடியைத் தட்டினேன், அசைவே இல்லை. மடியிலிருந்த பாவாடைத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதேன். நீ வராமல் போய்விடுவாயே என்றுதான் முதலில் அழுதேன். பிறகு அவளுக்காகவும்.

மன்னித்துவிடு. மாமா இதை இப்போதே தபாலில் சேர்க்கிறார். மத்தியானம் செடிக்கடியில் புதைக்கப் போகிறோம்.

அக்கா

ஏப்ரல் 2, சாயங்காலம்

தம்பி,

காலையில் எழுதியதைக் கிழித்துப் போடு. அவள் சாகவில்லை!

நூல் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனோம். மாமா கையை உள்ளே விடப் போனார். அவள் உடம்பின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. முப்பது வருஷமாகத் தையல் பிரிக்கிறவள் நான், கிழிந்ததற்கும் பிரிந்ததற்கும் வித்தியாசம் தெரியாதா? "கை வைக்காதீங்க!" என்று கத்தினேன். இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். இறுக்கமான சட்டைக் கையிலிருந்து உருவுவது போல ஒவ்வொரு காலாக உருவினாள். மூன்று மணி நேரம்! மாமா மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

பழைய தோல் அப்படியே பக்கத்தில் கிடக்கிறது. வழுக்கை போன இடம் தெரியவில்லை. பல் மட்டும் வெள்ளை வெளேரென்று மெத்தென்று இருக்கிறது. அது கெட்டிப்படும்வரை சாப்பாடு கிடையாது, தண்ணீர்தான். வெட்டுக்கிளியை நேற்றே எடுத்தது எந்தச் சாமி புண்ணியமோ, இல்லையென்றால் இந்தப் புதுத் தோலை அது கடித்து வைத்திருக்கும்.

காலைக் கடிதத்தைத் திரும்ப வாங்க மாமா ஓடினார். தபால் பை போய்விட்டதாம்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல்,
அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுகத்தில் ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது, மகாராணி போனதைச் சொல்லி நீ எழுதியது.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. சிலந்தியைக் காட்டி உன்னைப் பயமுறுத்தியது நான்தான். வெட்கமாக இருக்கிறது. இன்ஜின் அறையில் உட்கார்ந்து படித்தபோது கண் கலங்கிவிட்டது. கூட வேலை செய்கிறவர், "என்னப்பா, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நீ போக வேண்டாமா? அங்க அழுதுகிட்டு இருப்பாங்களே" என்றார். நேரே மேலே போய், அடுத்த பயணத்துக்கு என் பெயரைச் சேர்க்க வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே பத்தாம் தேதி காலை வீட்டில் இருப்பேன். அதுவரை அந்த வெறும் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருக்காதே. ஒரு துணியைப் போட்டு மூடி வை. நான் வந்து கழுவிக்கொள்கிறேன்.

உன் தம்பி