லீவ் இட் வித் மீ

3 அக்டோபர், வியாழன்

லண்டன் கிரஹாம் போனில் பேசினான். நான் அனுப்பிய ஆட்டுத்தோல் சாம்பிள் அருமையாம். ஆர்டர் எப்போது என்றேன். "லீவ் இட் வித் மீ" என்றான். என்னிடம் விட்டுவிடு என்கிறான், வேறென்ன வேண்டும்? கிடங்கில் கிடக்கும் சரக்கு மொத்தமும் அவனுக்குத்தான்.

மகள் ருக்ஸார் மூஞ்சியைச் சுளித்தாள். வெள்ளைக்காரக் கஸ்டமர்களிடம் போனில் பேசுவதுதான் அவள் உத்தியோகம். "அத்தா, அது நம்ம 'பாப்போம்' மாதிரி. நம்பாதீங்க."

முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுவது நம்மாள். வெள்ளைக்காரன் உடைத்துப் பேசுகிறவன். இவளுக்கு என்ன யாவாரம் தெரியும்?

9 அக்டோபர், புதன்

பேகம்பூர் தோல் புரோக்கர் நாசர் வந்தான். ஆம்பூர் செருப்புக் கம்பெனிக்குச் சரக்கு முழுவதும் வேண்டுமாம், இன்றே லாரி விடுகிறானாம். "பாப்போம் அப்பு" என்றேன். பாதி டீயோடு எழுந்து போய்விட்டான்.

21 அக்டோபர், திங்கள்

மழை. லண்டனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

28 அக்டோபர், திங்கள்

நானே கூப்பிட்டேன். உங்கள் தோல் எங்கள் ரேடாரில் இருக்கிறது என்றான். ருக்ஸாரிடம் கேட்டால், அதுவும் "பாப்போம்"தானாம். எல்லாத்துக்கும் ஒரே அர்த்தமா? படிச்ச படிப்பு இம்புட்டுத்தானா என்று கத்திவிட்டேன். அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

5 நவம்பர், செவ்வாய்

தோலில் பூஞ்சை பூத்துவிட்டது. அடுக்கடுக்காக, வெளுத்த பச்சையில். வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையா?

ஆனால் நாசரிடம் நான் மட்டும் என்ன சொன்னேன்? அவன் ஒரு நாளாவது காத்துக் கிடந்தானா?

8 நவம்பர், வெள்ளி

ஜும்ஆ முடிந்து நாசர் வீட்டுக்கு நானே போனேன். "லண்டன் மாப்ள வரலையா பாய்?" என்றான், சிரிக்காமல். பூஞ்சை பிடிக்காததை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வானாம், அடிமாட்டு விலைக்கு. கொடுத்தேன். பற்றிக்கொண்டு வருகிறது — யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

19 நவம்பர், செவ்வாய்

கிரஹாம் கூப்பிட்டான். வாடிக்கையாகத் தோல் கொடுப்பவன் கையை விரித்துவிட்டானாம், அவனுக்கு உடனே சரக்கு வேண்டுமாம். முயன்றால் திரட்டிக் கொடுக்கலாம். ருக்ஸார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, குரலில் தேனைத் தடவிச் சொன்னேன்: "லீவ் இட் வித் மீ, கிரஹாம்."

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான் பாதி மழைக்காலம் ஆனது. "ஃபேர் இனஃப்" என்று போனை வைத்தான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று ருக்ஸாரிடம் நான் கேட்கவில்லை.